மூளைக்குள் கம்பி வைத்தால் தம்பி பழையபடி ஆகிவிடுவானா?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தம்பிக்கு 39 வயது. ஒரு நூல் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 2014-ல் அப்பா இறந்த சில மாதங்களில் மனச்சோர்வு ஆரம்பித்திருக்கிறது. 2019-ல் வேலையை விட்டார். மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது தோட்டத்து வீட்டில் அம்மாவோடு இருக்கிறார். அவரைக் குளிக்கவைக்கவே அரைநாள் ஆகிறதாம். போன மாதம், "இருந்து என்னக்கா பண்ணப் போறேன், உங்களுக்கும் பாரம்" என்று சொல்லியிருக்கிறார்.

மூன்று மனநல மருத்துவர்களைப் பார்த்தாகிவிட்டது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின், மிர்டாசபின் என்று நான்கு மாத்திரைகள். கடைசியாகப் பார்த்த மருத்துவர் ஈ.சி.டி., அதாவது தலையில் சில நொடி மின்சாரம் செலுத்தும் சிகிச்சை கொடுக்கலாம் என்றதும், "என் பையனுக்குக் கரண்ட் வைக்க விடமாட்டேன்" என்று அம்மா எழுந்து வந்துவிட்டார். அதற்கப்புறம்தான் கைபேசியில் ஒரு காணொளி வந்திருக்கிறது. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து, நெஞ்சில் பேட்டரி பொருத்தி, பல வருட மனச்சோர்விலிருந்து மீண்ட ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் கதை. பக்கத்து வீதியில் பார்க்கின்சன் நோய்க்கு இதே அறுவை செய்துகொண்ட பெரியவர் ஒருவரும் இருக்கிறார். சுவிட்சைப் போட்டதும் அவருடைய கை நடுக்கம் நின்றதை இவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

வாசகி கேட்பது இதுதான்: "இந்த ஆபரேஷன் செய்தால் தம்பி பழையபடி ஆகிவிடுவானா? அவன் எதற்கும் சரி என்று சொல்லும் நிலையில் இல்லை, நானும் அம்மாவும் கையெழுத்துப் போட்டால் போதுமா? காப்பீட்டில் கிடைக்குமா? இல்லையென்றால் என் பெயரில் இருக்கும் மனையை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன்."

அன்புள்ள சகோதரி,

மனையை இப்போதைக்கு விற்காதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்த வாரமே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது.

இன்றே செய்யவேண்டியது

"பாரம்" என்ற அந்தச் சொல்லை நீங்கள் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். தம்பியிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாக ஆகிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பலருக்கு மூச்சு விட இடம் கொடுக்கும். தோட்டத்து வீடு என்கிறீர்கள், பூச்சிமருந்து இருக்கும். அதை அந்த வீட்டிலிருந்தே அப்புறப்படுத்திவிடுங்கள். மாத்திரைகள் உங்கள் கையிலோ அம்மா கையிலோ இருக்கட்டும். அவரைத் தனியாக விடாதீர்கள். "ஆமாம், தோணுது" என்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் 104 இரண்டும் இலவசம், இரவிலும் தமிழில் பேசுவார்கள். அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்க மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. இதற்கு இல்லை.

பக்கத்து வீதிப் பெரியவரும் உங்கள் தம்பியும்

நீங்கள் பார்த்தது உண்மைதான். 1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும் தொடங்கிவைத்த முறை அது. ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனுள்ள எலக்ட்ரோடை மண்டையோட்டில் போட்ட சிறு துளை வழியாக மூளைக்குள் இறக்குவார்கள். அங்கிருந்து தோலுக்கடியில் ஒரு வயர் கழுத்து வழியே இறங்கி, காறை எலும்புக்குக் கீழே வைத்த பேஸ்மேக்கர் போன்ற கருவியில் சேரும். அந்தக் கருவி நொடிக்கு 130 தடவை போல மின்துடிப்பு அனுப்பும். டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன், சுருக்கமாக டி.பி.எஸ். நடுக்கம் அதற்கு உடனே அடங்கும். எங்கே வைக்கவேண்டும் என்பதும் மருத்துவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். இன்று பார்க்கின்சனுக்கு அது சோதனை முயற்சி அல்ல, வழக்கமான சிகிச்சை.

மனச்சோர்வில் நிலைமை வேறு. சுவிட்சைப் போட்டதும் நிற்பதற்கு அங்கே நடுக்கம் எதுவும் இல்லை. 2005-ல் கனடாவின் டொராண்டோவில் ஹெலன் மேபெர்க் என்ற நரம்பியல் மருத்துவரும் ஆந்த்ரேஸ் லொசானோ என்ற அறுவை மருத்துவரும் முதன்முதலாக ஆறு பேரின் முடிவுகளை வெளியிட்டார்கள். நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரண்டு பாதிகளும் சந்திக்கும் நடுப்பகுதியில் 'பகுதி 25' என்று ஓர் இடம் இருக்கிறது. துயரத்தில் அது மிகையாக வேலை செய்வதை மேபெர்க் முன்பே ஸ்கேன்களில் கண்டிருந்தார். எலக்ட்ரோடு அங்கே வைக்கப்பட்டது. எந்த மருந்துக்கும் அசையாத அந்த ஆறு பேரில் நான்கு பேர் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறினார்கள். மேசையில் விழித்தபடி படுத்திருந்தபோதே சிலர் அறை சட்டென்று தெளிவாகத் தெரிகிறது, மனது லேசாகிறது என்றார்கள். உங்களுக்கு வந்த காணொளியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

காணொளிகள் சொல்லாமல் விடும் பகுதி அதற்கு அடுத்து வருகிறது. ஒரு கருவி நிறுவனம் அமெரிக்காவில் 90 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தியது. எல்லோருக்குமே அறுவை செய்து கருவியைப் பொருத்தினார்கள். 60 பேருக்கு அதை இயக்கினார்கள், 30 பேருக்கு இயக்குவதுபோல் காட்டினார்கள். யாருக்கு இயங்குகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இயங்கியவர்களில் 20 சதவீதம் பேருக்கும் இயங்காதவர்களில் 17 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. அதாவது வித்தியாசமே இல்லை. ஆய்வை நடுவிலேயே நிறுத்தினார்கள். மூளையின் வேறோர் இடத்தில் வைத்து 30 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வும் அதே கதைதான்.

அப்படியானால் ஏமாற்று வேலையா? அதுவும் இல்லை. அந்த 90 பேரில் பெரும்பாலோர் கருவியை எடுத்துவிடாமல் தொடர்ந்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். இவ்வளவு முற்றிய நோயில் தானாகத் தேறுவது அரிது என்பதால், ஆறு மாதத்தில் கணக்கை முடித்ததுதான் தவறோ என்ற கேள்வி வந்தது. நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமை மையமாக வைத்து நடந்த ஆய்வு வேறு வழியில் போனது. 25 பேருக்கும் ஒரு வருடம்வரை பொறுமையாகக் கருவியின் அளவைச் சரிசெய்தார்கள். பத்துப் பேர் தேறினார்கள். பின்பு சொல்லாமல் கருவியை நிறுத்தியும் இயக்கியும் பார்த்தபோது, நிறுத்திய காலத்தில் சோர்வு திரும்பியது. அது எனக்கு முக்கியமான தடயமாகப் படுகிறது. 2023-ல் வந்த இன்னொரு சிறு ஆய்வில் பத்துப் பேரில் ஒன்பது பேர் 24 வாரத்தில் தேறியிருந்தார்கள். ஆனால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. 2024-ல் அமெரிக்காவில் புதிதாக ஒரு பெரிய ஆய்வு தொடங்கியிருக்கிறது. பார்க்கின்சனுக்கு 2002-லேயே ஒப்புதல் கொடுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மனச்சோர்வுக்கு இந்த ஒப்புதலை இதுவரை கொடுக்கவில்லை.

ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: சிலருக்கு உயிரையே மீட்டுக் கொடுத்திருக்கிறது, யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை, தேறியவர்களுக்கும் மாதங்கள் பிடித்தன. 'பழையபடி' என்ற சொல்லை எந்த மருத்துவரும் உங்களுக்கு வாக்காகத் தரமாட்டார். தந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். கருவியைச் சுற்றித் தொற்று வந்தால் சில சமயம் எல்லாவற்றையும் வெளியே எடுக்கவேண்டியிருக்கும். வயர் அறுந்துபோவதுண்டு. சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் எகிறிவிடும். ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் தற்கொலைகளும் நடந்திருக்கின்றன. அவர்கள் எல்லோரும் முன்பிருந்தே கடும் ஆபத்தில் இருந்தவர்கள், கருவிதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கருவி வைத்துவிட்டால் அந்த ஆபத்து போய்விட்டது என்று வீட்டார் கண்ணை மூடிவிடக் கூடாது. சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி சில வருடங்களில் தீர்ந்துபோகும், கவனிக்காமல் விட்டால் சோர்வு மறுபடி வந்து நிற்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கேட்கவேண்டும். மூட்டுவலிக்கு பிசியோதெரபியில் வைக்கும் டையதெர்மி கூடவே கூடாது.

தம்பி தாண்டிப் போன படிகள்

"எல்லா மருந்தும் பார்த்தாச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்த சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம், நான்கு மாதம். அது ஓரளவு முறையாகப் பார்த்த மருந்து, ஆனாலும் 20 வரை ஏற்ற இடமிருந்தது. செர்ட்ராலின் 50-லேயே நின்றுவிட்டது. 200 வரை போகலாம். வென்லாஃபாக்சினைக் குமட்டல் என்று மூன்றாம் வாரம் நிறுத்திவிட்டீர்கள். ஒரு மருந்து கேட்கவில்லை என்று சொல்லவேண்டுமானால் போதிய அளவில் குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டிருக்கவேண்டும். மிர்டாசபின் தூக்கம் தூக்கமாக வருகிறது என்று விட்டு விட்டுச் சாப்பிட்டது. நான்கு மருந்து என்று நீங்கள் எண்ணியது என் கணக்கில் ஒன்றரைதான். இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எந்த மருத்துவரும் உட்கார வைத்து இதை விளக்கவில்லை போலிருக்கிறது. மூன்று நிமிடப் புறநோயாளிச் சீட்டில் எங்கள் தொழிலின் தவறு நிறையவே ஒளிந்திருக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் சேர என்ன நிபந்தனை வைத்தார்கள் தெரியுமா? புதிய தலைமுறை மருந்துகளில் இரண்டு வகை, பழைய டிரைசைக்ளிக் மருந்து ஒன்று, அதோடு லித்தியம் சேர்த்து ஒரு முறை, எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற இன்னொரு பழைய வகை, கூடவே ஈ.சி.டி. குறைந்தது ஆறு தடவை. இத்தனையும் தோற்றவர்களுக்குத்தான் கதவு திறந்தது. உங்கள் தம்பி வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார். ஒருவிதத்தில் இது நல்ல சேதி. கடைசிப் படியில் நிற்பதாக நினைக்கிறீர்கள். அவர் இன்னும் நடுப்படிக்குக்கூட வரவில்லை.

இன்னொன்று. இரண்டாம் பக்கத்தின் அடியில், அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 2017-ல் இரண்டு மாதம் மட்டும் "நல்லா இருந்தான்", இரவு மூன்று மணி நேரம்தான் தூங்குவான், ஓயாமல் பேசுவான், கடன் வாங்கி இரண்டு ஆட்டோ வாங்கி வாடகைக்கு விடப்போகிறேன் என்று கிளம்பினான் என்று. அவருடைய ஒரே நல்ல காலம் என்று நீங்கள் நினைப்பது எனக்கு நல்ல காலமாகத் தெரியவில்லை. கடிதத்தை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது, நானும் தீர்மானிக்கவில்லை. ஆனால் சோர்வும் எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ நோயாக இது இருக்குமா என்பதை யாராவது உட்கார்ந்து விசாரிக்கவேண்டும். அதுவாக இருந்தால் சிகிச்சையே வேறு: லித்தியம், குவெட்டியாபின், லமோட்ரிஜின் என்று பாதை மாறும். வெறும் மனச்சோர்வு மாத்திரைகள் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கும் விளக்கம் கிடைக்கலாம். நான் சொன்ன ஆம்ஸ்டர்டாம் ஆய்விலும் இருதுருவ நோயாளிகளைச் சேர்க்கவில்லை. கூடவே தைராய்டு, பி12, சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அம்மாவின் பயம்

உங்கள் வீட்டில் நடந்ததைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். தலையின் வெளிப்பக்கம் சில நொடி கரண்ட் வைப்பது வேண்டாம் என்று எழுந்து வந்தீர்கள். மண்டையைத் துளைத்து உள்ளே கரண்ட் வைப்பதற்கு மனையை விற்கத் தயாராகிவிட்டீர்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. படித்த குடும்பங்களிலும் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். ஒன்றைச் சினிமாவில் தண்டனையாகக் காட்டினார்கள், இன்னொன்றைக் காணொளியில் அற்புதமாகக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

அம்மா மனதில் இருப்பது, கட்டிலில் கட்டிப்போட்டு, நினைவோடு ஷாக் கொடுக்கும் காட்சி. இந்தியாவில் அப்படிச் செய்வது சட்டப்படியே தடை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95-ன்படி மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் ஈ.சி.டி. கொடுக்கக் கூடாது. மயக்க மருத்துவர் ஊசி போடுவார், தம்பி தூங்கிவிடுவார். ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஒரு வலிப்பு, அதுவும் உடம்பில் பெரிதாகத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் விழித்து, அப்புறம் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மொத்தம் ஆறிலிருந்து பன்னிரண்டு தடவை. கடும் மனச்சோர்வில் எங்களிடம் இருப்பதிலேயே வலுவான சிகிச்சைகளில் இது ஒன்று, சாப்பிடாமல் பேசாமல் கிடப்பவர்களிடமும் தற்கொலை எண்ணம் முற்றியவர்களிடமும் குறிப்பாக. இருதுருவ நோயின் சோர்விலும் இது வேலை செய்யும்.

குறையும் உண்டு. சிகிச்சை நடக்கும் வாரங்களின் நினைவுகள் கலங்கிப்போகும். பெரும்பாலும் திரும்பிவிடும், சிலருக்குச் சில சம்பவங்கள் திரும்புவதில்லை. ஈ.சி.டி. முடிந்ததும் மருந்தே வேண்டாம் என்று விட்டால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலோருக்கு நோய் திரும்பும். இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அம்மாவை வாதாடி ஜெயிக்க முயல வேண்டாம். முடிந்தால் ஈ.சி.டி. முடித்துத் தேறிய ஒருவரின் தாயோடு பேசவைக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். நான் அரைமணி நேரம் பேசி நகர்த்த முடியாத அம்மாக்களை, காத்திருப்பு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த இன்னொரு அம்மா ஐந்தே நிமிடத்தில் நகர்த்தியிருக்கிறார்.

காந்த அலை வைக்கும் ஆர்.டி.எம்.எஸ்., கெட்டமின் ஊசி இரண்டும்கூட இடைப்பட்ட படிகள்தான். பெரிய நகரங்களில் கிடைக்கின்றன. தம்பியின் நிலையில் நான் முதலில் கேட்பது ஈ.சி.டி.யைத்தான்.

கையெழுத்து யாருடையது

நீங்களும் அம்மாவும் போடும் கையெழுத்து போதாது. அதே சட்டத்தின் பிரிவு 96, மனநோய்க்கான மூளை அறுவைக்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது: நோயாளியே விளங்கிக்கொண்டு தரும் சம்மதம், கூடவே மனநல ஆய்வு வாரியத்தின் ஒப்புதல். மனநோய்க்காகச் செய்யும் டி.பி.எஸ்.ஸும் அப்படித்தான் நடத்தப்படுகிறது. இதன் பின்னால் ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. 1935-ல் போர்ச்சுகலில் மோனிஸ் என்பவர் மூளையின் முன்பகுதி நரம்பிணைப்புகளை வெட்டும் அறுவையைத் தொடங்கினார். 1949-ல் அதற்கு நோபல் பரிசே கிடைத்தது. அந்த அறுவையின் பெயரால் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் தாங்களே கேட்காத அறுவைக்கு ஆளாகி முடங்கிப்போனார்கள். பலருக்குக் கையெழுத்துப் போட்டது குடும்பம்தான், அதுவும் அன்பினால்.

"எதற்கும் சரி என்று சொல்லும் நிலையில் இல்லை" என்கிறீர்கள். சோர்வு இருந்தாலே முடிவெடுக்கும் திறன் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அதை மருத்துவர் பேசிப்பார்த்துத்தான் சொல்லவேண்டும். நான்கு பக்கக் கடிதத்தில் தம்பிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா? சட்டம் அவருக்கு இன்னொரு வசதியும் தருகிறது. தனக்காகப் பேச ஒருவரைப் பிரதிநிதியாக அவரே எழுதி நியமிக்கலாம். அவர் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் கேட்டுப் பாருங்கள். அக்கா பெயரைத்தான் எழுதுவார் என்று நினைக்கிறேன்.

பணமும் காப்பீடும்

உடல்நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதே மனநலச் சட்டத்தின் பிரிவு 21 சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மறுக்கக் கூடாது என்று பட்டியலிட்ட நவீன சிகிச்சைகளில் டி.பி.எஸ். பெயரும் இருக்கிறது. ஆனாலும் நிறுவனங்கள் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம். மனச்சோர்வுக்கு என்றால் 'நிரூபிக்கப்படாத சிகிச்சை' என்ற விலக்கைக் காட்டவும் வாய்ப்புண்டு. வாய்ப்பேச்சை நம்பாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள். செலவு பெரும்பாலும் பத்து லட்சத்துக்கு மேல் போகும். அதோடு முடிவதும் இல்லை. அளவைச் சரிசெய்ய மாதாமாதம் பயணம், அப்புறம் பேட்டரி மாற்றம். ஈ.சி.டி. அரசு மருத்துவக் கல்லூரிகளில் கட்டணமில்லாமல் கிடைக்கும். அதனால்தான் மனையை விற்காதீர்கள் என்றேன். உங்கள் தம்பியின் குழந்தைக்கும் ஒருநாள் அது தேவைப்படலாம்.

இனி நீங்கள் செய்யவேண்டியது: சென்னை மனநலக் காப்பகத்துக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ, பெங்களூரு நிம்ஹான்ஸுக்கோ இரண்டாம் கருத்துக்காக ஒருமுறை போய்வாருங்கள். எல்லாப் படியும் ஏறி, எதுவும் பலிக்காமல், தம்பியே "அக்கா, அதையும் பார்த்துடலாம்" என்று சொன்னால், அன்றைக்கு டி.பி.எஸ். பற்றி அங்கேயே கேட்கலாம். முறையான ஆய்வின் பகுதியாகச் செய்கிறார்களா, நெறிமுறைக் குழு ஒப்புதல் இருக்கிறதா, ஐந்து வருடம் கழித்து பேட்டரிக்கு யார் பொறுப்பு என்பதும் அன்றைய கேள்விகள்.

போகும்போது ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினோம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். அந்த இரண்டு ஆட்டோ விஷயத்தை அடைப்புக்குறிக்குள் போடாமல் முதல் வரியாக எழுதுங்கள்.